கம்பெனி செட் பாட மறுத்தால்

பதினைந்து வயதான வண்டியில் ரேடியோ நின்றுபோய்க் கடைக்குப் போனால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "செட் போயிடுச்சு சார், ஆண்ட்ராய்டு போட்டுக்கலாம்." கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய செட்டைச் சரிபார்க்க அரை நாள் போகும், கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். புது செட் மாட்ட ஒரு மணி நேரம் போதும். ஆனால் வண்டியோடு வந்த கம்பெனி செட் அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை. அதற்குள் வரும் மின்சாரம், எர்த், ஏரியல், அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் ஆகியவைதான் முதலில் கெடும். அதனால் இந்த அத்தியாயம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. செட்டைத் திறப்பது கடைசி வேலை.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்று, சில பியூஸ்கள், ஒரு மீட்டர் ஒயர். மீட்டர் இருக்கும்போது டெஸ்ட் லாம்ப் எதற்கு என்று தோன்றலாம். பத்து இழை உள்ள ஒயரில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அதற்கு அந்த ஒரு இழையே தாராளம். கொஞ்சம் கரண்ட் இழுக்கும் டெஸ்ட் லாம்ப் அங்கே மங்கி எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். எல்.இ.டி. வைத்த டெஸ்டர் இதற்கு உதவாது. பல்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரியில் கை வைக்கும் முன்

பழைய வண்டிகளின் செட்டுகள் பலவற்றில் திருட்டைத் தடுக்க ரகசிய எண் உண்டு. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலே "கோட்" என்றோ "சேஃப்" என்றோ காட்டி நின்றுவிடும். ரேடியோ கெட்டுவிட்டது என்று கொண்டுவரும் வண்டிகளில் சில, முந்தின வாரம் பேட்டரி மாற்றியவையாக இருக்கும். செட்டில் ஒரு பழுதும் இருக்காது.

அந்த எண் எங்கே கிடைக்கும்? வண்டியோடு தந்த புத்தகப் பையில் ஒரு சின்ன அட்டை, அல்லது கையுறைப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கர். ஹோண்டா வண்டிகள் பலவற்றில் எண் ஐந்து இலக்கம். 1, 6 ஆகிய இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செட்டைப் போட்டால் சீரியல் எண் திரையில் வரும் மாடல்கள் உண்டு. ஐரோப்பிய ஃபோர்டு வண்டிகளில் வந்த 6000சிடி செட்டிலும் 1, 6 பொத்தான்களை அழுத்திப் பிடித்தால் 'வி' அல்லது 'எம்' என்று தொடங்கும் எண் வரும். அந்த சீரியல் எண்ணையும் வண்டியின் ஆர்.சி.யையும் கொண்டுபோய்க் காட்டினால் டீலரிடம் ரகசிய எண் கேட்டு வாங்க முடியும். ஊகத்தில் எண்களைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். வோக்ஸ்வாகன், ஸ்கோடா செட்டுகள் இரண்டு தப்புக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்பி, செட்டைப் போட்டபடியே ஒரு மணி நேரம் விட்டுவைத்தால்தான் மறுபடி எண் கேட்கும்.

எண் கையில் இல்லாதவரை பேட்டரியைக் கழற்றாதீர்கள். எண்ணைத் தேடி எடுத்த பிறகு அதை ஆர்.சி. நகலின் பின்பக்கத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். வண்டிக்குள் வைத்தால் திருடனுக்கும் கிடைக்கும்.

விளக்கே வரவில்லை என்றால்

முதலில் சிகரெட் லைட்டர் ஓட்டையைப் பாருங்கள். இன்று அதில் சிகரெட் பற்ற வைப்பவர் யாருமில்லை, போன் சார்ஜர்தான். பல வண்டிகளில் ரேடியோவுக்கும் இந்த ஓட்டைக்கும் ஒரே பியூஸ். மலிவான சார்ஜர் உள்ளே ஷார்ட் ஆனாலும், குழந்தை ஒரு ரூபாய்க் காசை அதில் போட்டாலும் பியூஸ் போய்விடும், ரேடியோவும் கூடவே போகும். அதேபோல் உள்ளே எரியும் ரூம் லைட்டும் கடிகாரமும் ரேடியோவும் ஒன்றாகச் செத்திருந்தால், நிரந்தர மின்சாரம் தரும் பியூஸ் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டையும் கவனித்தாலே பாதி வழி வந்துவிட்டீர்கள்.

ஒரு செட்டுக்கு மின்சாரம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, சாவி போட்டாலும் போடாவிட்டாலும் எப்போதும் இருப்பது. ஸ்டேஷன் நினைவையும் ரகசிய எண்ணையும் காப்பது இதுதான். இன்னொன்று, சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் மட்டும் வருவது. அதனால் பியூஸும் குறைந்தது இரண்டு. பல செட்டுகளின் முதுகிலேயே மூன்றாவதாக ஒன்று செருகியிருக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் டேஷ்போர்டு முழுக்கத் தேடுபவர்கள் உண்டு. பியூஸின் நிறமே அதன் அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் டெஸ்ட் லாம்பை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது.

புது பியூஸ் போட்டதும் அதுவும் போனால் ஒயர் எங்கோ ஷார்ட் ஆகிறது. அங்கே 10 எடுத்துவிட்டு 20 போடுவது, அதைவிட மோசமாக ஒயர்த் துண்டைச் சுற்றிச் செருகுவது, வண்டிக்குத் தீ வைக்கும் வேலை. செட்டின் கப்ளரைப் பின்னாலிருந்து உருவிவிட்டு இன்னொரு பியூஸ் போடுங்கள். இப்போதும் போனால் பழுது வண்டியின் ஒயரில். நின்றால் செட்டுக்குள். மழைக்காலத்தில் நிறுத்தியே வைத்த வண்டியென்றால் எலியை மறந்துவிடாதீர்கள். டேஷ்போர்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் எச்சமும் கடித்த ஒயர்த் தோலும் கண்ணில் படும்.

கப்ளரில் அளந்து பார்ப்பது

பியூஸ் எல்லாம் சரி, இன்னும் உயிரில்லை என்றால் செட்டை வெளியே இழுக்க வேண்டியதுதான். முகத்தின் இரு ஓரமும் சின்ன ஓட்டைகள் இருந்தால் யு வடிவ சாவி தேவை. இல்லாவிட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைக் கிளிப்பிலிருந்து நெம்ப வேண்டும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் தழும்பு நிச்சயம், பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்கிக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் நின்ற வண்டியில் பிளாஸ்டிக் இளகியிருக்கும், கிளிப் சுலபமாக விடும். பழைய பிளாஸ்டிக் மார்கழி விடியற்காலையில் உடையும். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் நிறக் கப்ளர் எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், மீட்டரையும் அதில் வைக்காதீர்கள்.

வெளியே வந்த செட்டின் பின்னால் பல மாடல்களில் எட்டு எட்டுக் காலாக இரண்டு கப்ளர்கள் இருக்கும். ஒன்று மின்சாரத்துக்கு, மற்றது ஸ்பீக்கருக்கு. ஐஎஸ்ஓ கப்ளர் என்று கேட்டால் கடையில் தெரியும். வெளிக்கடை செட்டுகளில் மஞ்சள் ஒயர் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவி மின்சாரம், கறுப்பு எர்த், நீலம் ஏரியலுக்கு, ஆரஞ்சு விளக்குக்கு. ஆனால் வண்டியில் கம்பெனி போட்ட ஒயருக்கு இந்த நிறக்கணக்கு பொருந்தாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

சாவி இல்லாமல் ஒரு காலில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும். சாவியைத் திருப்பியதும் இன்னொரு காலிலும் அதே அளவு வர வேண்டும், எடுத்ததும் போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது இரண்டும் 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்கும். 15ஐத் தாண்டினால் ரேடியோவை விடுங்கள், டைனமோ ரெகுலேட்டரைப் பாருங்கள். அது பேட்டரியையும் கொன்றுவிடும்.

எர்த்தைப் பலர் மறந்தே விடுகிறார்கள். செட்டைக் கப்ளரில் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்து, எர்த் ஒயருக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையில் வோல்ட் அளவில் மீட்டரை வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் வந்தாலே எங்கோ எர்த் பிடிக்கவில்லை. எர்த் ஒயர் பாடியில் திருகியிருக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். திருகைக் கழற்றினால் வளையத்தின் அடியில் துருவும் களிம்பும் சேர்ந்து பச்சையும் பழுப்புமாக ஒரு படலம் இருக்கும். உப்புக்காகிதம் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வாசலின் லேசாகத் தடவித் திரும்ப இறுக்குங்கள். கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கு இந்த ஒரு வேலையிலேயே ரேடியோ, ஹாரன், பின்விளக்கு என்று பல வியாதிகள் ஒன்றாகத் தீரும்.

மறதி, பேட்டரி இறங்குதல்

வண்டியை நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் ஸ்டேஷனும் கடிகாரமும் அழிந்துபோனால் நிரந்தர மின்சாரம் வரவில்லை என்று பொருள். வோக்ஸ்வாகன் குடும்பத்துப் பழைய வண்டிகள் பலவற்றில், மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டால் கப்ளரின் 4, 7 எண் கால்கள் இடம் மாறியிருக்கும். நிரந்தரம் 7இல் வரும், சாவி மின்சாரம் 4இல் வரும். இது தெரியாமல் வேறு செட்டை நேராகச் செருகினால் செட் பாடும், ஆனால் ஒன்றையும் நினைவில் வைக்காது. அந்த இரண்டு ஒயரை இடம் மாற்றினால் போதும். வெளிக்கடை ஹார்னஸ்கள் பலவற்றில் மஞ்சளும் சிவப்பும் புல்லட் கனெக்டரோடு வருவதே இதற்காகத்தான்.

இதற்கு நேர் எதிரான வியாதி, இரவோடு இரவாகப் பேட்டரி இறங்குவது. யாரோ ஒருவர் சாவி ஒயரையும் நிரந்தர ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருப்பார். செட் முகம் அணைந்திருந்தாலும் உள்ளே விழித்தபடியே இருக்கும். பேட்டரி மைனஸில் ஆம்பியர் மீட்டரைத் தொடராக வைத்து, கதவுகளைச் சாத்தி, அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். கழற்றினால் எண் கேட்கும் செட் என்பதை இங்கேயும் மறக்க வேண்டாம். மொத்த வண்டியும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. தாண்டினால் ரேடியோ பியூஸை உருவுங்கள். எண் சட்டென்று இறங்கினால் குற்றவாளி அதுதான்.

விளக்கு வருகிறது, சத்தம் இல்லை

மியூட், பேலன்ஸ், ஃபேடர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், குழந்தைகள் உட்காரும் வண்டியில் இது நடக்கும்.

ஒரு பக்கம் மட்டும் சத்தமில்லை என்றால் பேலன்ஸை அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பி, கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் பாட்டு வந்து போனால், கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கிறது. வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த செம்பு இழை உள்ளே விட்டுப்போயிருக்கும், மேல்தோல் முழுதாக இருக்கும். ரப்பரை உருவி ஒயரை லேசாக இழுங்கள். அறுந்த இடத்தில் தோல் மட்டும் நீளும். அங்கே வெறும் முறுக்கு போதாது. இன்னொரு துண்டு ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டு, சேர்ப்பு மடங்கும் இடத்தில் விழாமல் தள்ளி வையுங்கள்.

ஸ்பீக்கரையே சந்தேகித்தால் அதன் இரு ஒயரையும் கழற்றிவிட்டுப் பென்சில் செல்லை ஒரு நொடி தொடுங்கள். 'டக்' என்று காகிதக் கூம்பு துள்ளினால் உயிர் இருக்கிறது. மீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றே சொச்சம் காட்டும், அது சரியான அளவுதான். கதவு ஸ்பீக்கர் ஊறிப்போய் அழுகியிருந்தால் மாற்றுவதற்கு முன் கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பாருங்கள். கண்ணாடி ஏற்றும் வேலை செய்தவர் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீரை ஸ்பீக்கர் பக்கம் விடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். அதை ஒட்டாமல் புது ஸ்பீக்கர் போட்டால் அடுத்த ஐப்பசிக்கு அதுவும் போகும்.

நான்கும் ஊமை, ஆனால் திரையில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்றால் ஒரு ஸ்பீக்கர் ஒயர் எங்கோ பாடியைத் தொடுகிறதா என்று தேடுங்கள். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டிலுமே ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். மைனஸ் என்பது எர்த் இல்லை. அதை எர்த் என்று நினைத்துப் பாடியில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தை நிறுத்தும், காப்பு இல்லாத செட்டில் ஐ.சி.யே வெந்துபோகும். நான்கு ஸ்பீக்கரையும் கழற்றி ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் மற்றவை ஊமையாகின்றனவோ அங்கே ஷார்ட். ஸ்பீக்கர் ஒயரில் டெஸ்ட் லாம்பை வைப்பதும் இதே காரணத்தால் கூடாது.

ஸ்டேஷன் பிடிக்கவில்லை

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்றுகொண்டு ஏரியலைத் திட்டாதீர்கள். வெட்டவெளிக்கு வண்டியைக் கொண்டுவந்து, பலமான ஒரு ஸ்டேஷனை வையுங்கள். சென்னையில் என்றால் ரெயின்போ 101.4, தென்மாவட்டங்களில் என்றால் கொடைக்கானல் 100.5. மலை உச்சியிலிருந்து வரும் கொடைக்கானலே கரகரத்தால் பழுது உங்கள் பக்கம்தான். மீடியம் வேவ் இன்னும் நல்ல சோதனை. ஏரியல் அறுந்திருந்தாலும் கோபுரத்துக்குப் பக்கத்தில் எஃப்எம் ஓரளவு வந்துவிடும், மீடியம் வேவ் முற்றாகப் போய்விடும்.

அடுத்து ஒரு பழைய தந்திரம். செட்டின் பின்னாலிருந்து ஏரியல் பிளக்கை உருவிவிட்டு, 75 சென்டிமீட்டர் ஒயரின் முனையைச் சீவி அந்த ஓட்டையின் நடுப்பகுதியில் மட்டும் படும்படி செருகுங்கள். மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். எஃப்எம் அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர், அதில் கால்பங்கு இந்த அளவு. இப்போது ஸ்டேஷன் தெளிவாக வந்தால் செட் நல்லது, ஏரியலும் அதன் கேபிளும்தான் கெட்டவை. வராவிட்டால் செட்டின் டியூனரைச் சந்தேகிக்கலாம்.

சாதாரணக் கம்பி ஏரியல் என்றால் பிளக்கின் நடு ஊசிக்கும் கம்பிக்கும் தொடர்பு இருக்க வேண்டும், நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. கூரையில் இருக்கும் குட்டை ஏரியலுக்கு அடியில் பெரும்பாலும் ஒரு பூஸ்டர் இருக்கும், அதற்கு நீல ஒயரிலோ கேபிள் வழியாகவோ 12 வோல்ட் போக வேண்டும். புது செட் மாட்டியவர் அந்த ஒயரைச் சேர்க்காமல் விடுவது வழக்கமான பிழை. பூஸ்டர் ஏரியலில் மேற்சொன்ன ஓம் கணக்கு செல்லாது.

இலங்கை வாசகர்களுக்கு ஒன்று. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டியின் கம்பெனி ரேடியோ அந்த நாட்டு எஃப்எம் வரிசைக்காகச் செய்தது. 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90இல் முடிந்துவிடும் செட்டுகளே அதிகம். 108 வரை உள்ள நம் ஸ்டேஷன்களை அதற்குள் இறக்கிக் கொடுக்க ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற தீப்பெட்டி அளவுப் பெட்டி வைத்திருப்பார்கள். ஒரே நாளில் எல்லா ஸ்டேஷனும் மறைந்தால் முதலில் அதன் 12 வோல்ட் ஒயரைப் பாருங்கள். மின்சாரம் சரியாக வந்தும் பலனில்லை என்றால் அந்தப் பெட்டியை மாற்றுவது செட்டை மாற்றுவதைவிட மிகவும் மலிவு.

இரைச்சல் பற்றிச் சுருக்கமாக. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் 'ஙொய்' சத்தம் டைனமோவிலிருந்தோ கெட்ட எர்த்திலிருந்தோ வருகிறது. எஞ்சின் வேகத்துக்கு ஏற்ற 'டிக் டிக்' பிளக் ஒயரின் வேலை. எஞ்சின் அணைந்த பிறகும் கரகரத்தால் போன் சார்ஜரையும் டேஷ்கேமராவையும் மலிவு எல்.இ.டி. பல்பையும் ஒவ்வொன்றாக உருவுங்கள். இந்நாளில் எஃப்எம் கெடுவதற்கு டேஷ்கேமரா சார்ஜரைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது என் கருத்து.

கடைசியாகத்தான் செட்டுக்குள்

இவ்வளவுக்கும் பிறகு பழுது செட்டுக்குள் என்று உறுதியானால் அதற்கும் வழி உண்டு. வெயிலில் மூடி நின்ற வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வருடக்கணக்கில் சூடேறி ஆறியதில் சால்டர் புள்ளிகளைச் சுற்றி வட்டமாக விரிசல் விடும். தட்டினால் பாடும், குழியில் இறங்கினால் நிற்கும் செட்டுகளின் கதை இதுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கப்ளர் கால்களையும் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. கால்களையும் மறுபடி சால்டர் செய்தாலே பல செட்டுகள் எழுந்துவிடும். உச்சி உப்பிய கெப்பாசிட்டரை அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்ற வேண்டும். கேசட் டெக்கில் பெல்ட் கூழாகியிருக்கும், சிடியில் லென்ஸ் மங்கியிருக்கும். லென்ஸை ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். அதற்கும் படிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், லேசர் தேடி அலைவது வீண்.

சென்னைக்காரர்களுக்கு உதிரிபாகம் ரிச்சி தெருவில், அதே மாடல் பழைய செட் புதுப்பேட்டையில். பழைய செட் வாங்கினால் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் உங்களுடையதோடு அட்சரம் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். எண் கேட்கும் ரகமென்றால் கடையிலேயே போட்டுப் பாட வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண் தெரியாத செட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எல்லாம் பார்த்தும் புது செட்தான் என்று முடிவானால் மாட்டுபவரிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வண்டியின் கப்ளரை வெட்டக் கூடாது. உங்கள் வண்டிக்கான மாற்று ஹார்னஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை வாங்கிக் கையில் கொடுங்கள். கழற்றிய கம்பெனி செட்டைக் கடையில் விட்டுவராமல், ரகசிய எண்ணை எழுதி ஒட்டி, வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.